பறங்கிப் பாதிரி மேல் நான் போட்ட வழக்கு

எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பைபிளில் நாலைந்து இடங்கள் மனப்பாடம். அதில் முதலிடம், பிறரைத் தீர்ப்பிட வேண்டாம் என்று இயேசு மலைமேல் சொன்னதற்கு. ஊரில் யாராவது யாரோடாவது ஓடிப்போனால், திருவிழாக் கணக்கில் எவராவது கைவைத்தால், பத்து வருசமாகக் கோயில் பக்கமே வராத ஆளுக்கு அடக்கப் பூசை வைக்கலாமா கூடாதா என்று திண்ணையில் பேச்சு வளர்ந்தால், அப்பத்தா வெத்தலையை இடித்துக்கொண்டே ஒரே வரியில் முடித்துவிடுவார். "தீர்ப்பு ஆண்டவருது. நீ யாருடா நாட்டாமை?"

அந்த வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதே வரி மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் நாட்டாமை பண்ணிய கதை.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு பேச்சுப்போட்டி. தலைப்பு தத்துவ போதகர் என்கிற ராபர்ட் தெ நொபிலி. மதுரைப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு நொபிலி கதை தெரியாமல் இருக்காது. ரோமில் பெரிய இடத்துப் பிள்ளை. கடல் கடந்து வந்து, காவி கட்டி, கறி மீன் விட்டு, தமிழும் வடமொழியும் படித்து, நம்ம மொழியிலேயே வேதம் சொன்ன ஆள். கதைக்கு நாயகன் கிடைத்துவிட்டால் வில்லன் வேண்டுமே? அதுவும் ரெடிமேடாக இருந்தது. கொன்சாலோ ஃபெர்னாண்டஸ். மதுரையிலேயே இருந்த இன்னொரு சேசு சபைக்காரர், போர்ச்சுகீசியர், வயசாளி. நொபிலி மேல் மேலிடத்துக்குப் புகார் எழுதியவர். "பொறாமையில் வெந்த குறுகிய மனத்துக் கிழவர்" என்று மேடையில் முழங்கினேன். கைத்தட்டல் வந்தது. இரண்டாம் பரிசும் வந்தது.

பல வருசம் கழித்து இனெஸ் ஜுபானோவ் 1999இல் எழுதிய 'டிஸ்பியூட்டட் மிஷன்' என்ற புத்தகத்தைப் படித்தேன். அதில் நொபிலியும் ஃபெர்னாண்டஸும் ஒரே தட்டில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஒருவரை நாயகனாகவும் மற்றவரைத் தடைக்கல்லாகவும் வைக்கிற வழக்கம் அதில் இல்லை. என் பேச்சுப்போட்டித் தீர்ப்பைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று.

1606 மதுரையைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவாருங்கள். நாயக்கர் ஆட்சி. முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலம். திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வர இன்னும் பதினேழு வருசம் இருக்கிறது. மகால் இல்லை, புதுமண்டபம் இல்லை. பெரிய தெப்பக்குளமும் இல்லை. மீனாட்சி கோயிலைச் சுற்றி வீதிகள், வைகை, மற்றபடி சுற்றிலும் கண்மாயும் வயலும். இந்த ஊரில் ஃபெர்னாண்டஸ் ஏறக்குறைய 1595லிருந்து இருக்கிறார். நாயக்கர் அனுமதியோடு ஒரு சின்னக் கோயில், ஒரு வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், நோயாளிகளுக்கு மருந்து. கோயிலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் முத்துக்குளித்துறையிலிருந்து மதுரைக்கு வந்துபோகிற பரதவர்கள். தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு பக்கத்து மக்கள். 1530களிலேயே கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். சவேரியார் 1542இல் வந்து அவர்கள் நடுவே திரிந்தது எல்லாருக்கும் தெரியும்.

ஃபெர்னாண்டஸ் யார்? போர்ச்சுகலில் திரங்கோசோ என்ற ஊர்க்காரர். இந்தியாவுக்குச் சிப்பாயாக வந்தவர். இங்கே வந்தபின்தான் சபையில் சேர்ந்தார். பல பத்தாண்டுகள் பரதவர் கரையில் உப்புக்காற்றில் ஓடின. தமிழ் பேசுவார். இறையியல் படிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நொபிலி வந்து சேர்ந்தபோது இவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மதுரை ஊர்க்காரர்களில் ஒருவரைக்கூட அவரால் கிறிஸ்தவராக்க முடிந்திருக்கவில்லை. இந்த ஒரு விவரத்தை நொபிலியைப் பற்றி எழுதுபவர்கள் யாரும் விடமாட்டார்கள். நானும் என் பேச்சில் விடவில்லை. "பதினோரு வருசம், ஒரு ஆள்கூட இல்லை!" அந்த இடத்தில்தான் கைத்தட்டல் ஜாஸ்தி.

நொபிலிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. 1605இல் கோவாவில் இறங்கி, கொச்சி, முத்துக்குளித்துறை என்று சுற்றிவிட்டு 1606 நவம்பரில் மதுரைக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே பிரச்சினை எங்கே என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. மக்கள் வாயில் போர்ச்சுகீசியர் எல்லாரும் பறங்கி. பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன். கிறிஸ்தவனாவது என்றால் பறங்கிக் குலத்தில் சேர்வது என்றே ஊர் புரிந்துவைத்திருந்தது. வேதத்தில் சேர விருப்பமா என்று கேட்க வேண்டிய இடத்தில், பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று ஃபெர்னாண்டஸே கேட்டுக்கொண்டிருந்தார் என்கிறார்கள். மிஸ்ஸா என்ற பூசைக்கான சொல்லை அவர்கள் சொன்ன விதம் தமிழ்க் காதில் மீசை என்று விழுந்தது என்றும் ஒரு கதை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மீசை காண வாருங்கள் என்றால் எவன் வருவான்?

நொபிலி வீட்டை மாற்றினார். சட்டையை மாற்றினார். காவி, பாதக்குறடு, கமண்டலம், நெற்றியில் சந்தனம், ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு, பிராமணச் சமையற்காரர். தான் பறங்கி இல்லை, பறங்கி நாட்டில் பிறந்தவனும் இல்லை, ரோமில் உயர்ந்த குடியில் பிறந்த துறவி என்று ஓலையில் எழுதி 1611இல் பலர் பார்க்க வைத்தார். சிவதர்மர் என்ற தெலுங்கு பிராமணரிடம் வடமொழி கற்றார். கோவில், அருள், பூசை, குரு என்று இன்றைக்குச் சர்வசாதாரணமாகச் சொல்கிற வார்த்தைகளைக் கிறிஸ்தவத் தமிழுக்குள் நிலைநிறுத்தியதில் அவர் பங்கு பெரிது. தமிழுக்கு இது லாபம். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

ஆனால் இந்த வேடத்துக்கு ஒரு விலை இருந்தது. பிராமணத் துறவி பறங்கியோடு புழங்க முடியாது. பரதவரோடும் புழங்க முடியாது. ஆக, ஒரே ஊரில், ஒரே சபையைச் சேர்ந்த, ஒரே அப்பத்தை உடைக்கிற இரண்டு குருக்கள் பகிரங்கமாகப் பேசிக்கொள்ளக்கூட முடியாத நிலை வந்தது. நொபிலியின் ஆட்களுக்குத் தனிக் கோயில். ஃபெர்னாண்டஸின் ஆட்களுக்குப் பழைய கோயில். அறுபது வயதைக் கடந்த அந்த மனுஷர் தன் வீட்டு வாசலில் நின்று அந்த ஓலையின் வாசகத்தைக் கேள்விப்பட்டபோது என்ன நினைத்திருப்பார்? 'நான் பறங்கி இல்லை' என்று இளையவர் அறிவித்தால் அதன் மறுபாதி என்ன? அங்கே இருக்கிறாரே, அவர்தான் பறங்கி. பொறாமை என்று ஒரே சொல்லில் நான் தள்ளிவிட்டது இதைத்தான்.

ஓலைக்கு முன்னாலேயே புகார் போய்விட்டது. 1610இல் ஃபெர்னாண்டஸ் மேலிடத்துக்கு எழுதினார். உடையை மாற்றிவிட்டார், பெயரை மாற்றிவிட்டார், என்னோடு சேர்ந்து இருப்பதைக் காட்டிக்கொள்வதில்லை, இரண்டு கோயிலாகிவிட்டது, ஊரார் இதை இரண்டு வேதம் என்று நினைக்கிறார்கள், பூணூலும் குடுமியும் பிற சமயத்தின் அடையாளங்கள், அதை விடாமலே ஞானஸ்நானம் கொடுக்கிறார். சாரம் இவ்வளவுதான். சபையின் பார்வையாளராக இருந்த நிக்கோலாவ் பிமெந்தாவுக்கு விஷயம் போனது. அவர் கலந்தாலோசித்தவர்கள் நொபிலிக்கு எதிராகவே பேசினார்கள்.

நொபிலியும் சும்மா இருக்கவில்லை. நீளமான லத்தீன் பதில்கள் எழுதினார், 1610இல் ஒன்று, 1613இல் இன்னொன்று. அறிவு தெறிக்கிற எழுத்து. பூணூல் குலத்தின் அடையாளம், சமயத்தின் அடையாளம் அல்ல என்று மனு முதலான நூல்களைக் காட்டி வாதாடினார். வாதத்துக்கு நடுவே ஃபெர்னாண்டஸ் படிக்காதவர், லத்தீனும் இறையியலும் தெரியாதவர் என்ற குத்தலும் உண்டு. இத்தாலியப் பிரபு வீட்டுப் பிள்ளை, சிப்பாயாக இருந்து சாமியாரானவரைப் பார்க்கிற பார்வை அது. ஒருவர் மற்றவரை 'வேதத்தைக் கெடுக்கிறார்' என்று தீர்ப்பிட்டார். மற்றவர் அவரை 'உமக்குத் தீர்ப்பிடத் தகுதியில்லை' என்று தீர்ப்பிட்டார். அப்பத்தா இருந்திருந்தால் இரண்டு பேரையும் திண்ணையிலிருந்து எழுப்பி அனுப்பியிருப்பார்.

வதந்தி கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போனது. நொபிலி விக்கிரக ஆராதனைக்காரனாகிவிட்டான் என்றே அங்கே பேச்சு. அவருடைய உறவினர் ஒருவர் அப்போது ரோமில் மிகப் பெரிய புள்ளி, கர்தினால் பெல்லார்மின். கலிலியோவைக் கூப்பிட்டு, பூமி சுற்றுகிறது என்ற கருத்தை விட்டுவிடும்படி 1616இல் எச்சரித்த அதே பெல்லார்மின்தான். அவர் நொபிலியைக் கடிந்து ஒரு கடிதம் எழுதினார். நொபிலி விளக்கம் அனுப்பினார். கடிதம் போக ஒரு வருசம், வர ஒரு வருசம் ஆகிற காலம். விளக்கத்தைப் படித்தபின் பெல்லார்மின் தன் கருத்தை மாற்றிக்கொண்டு நொபிலியின் பக்கம் நின்றார். இந்த முழு வழக்கிலும் எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் இதுதான். தொலைவிலிருந்து கேட்டதை வைத்துத் தீர்ப்புச் சொன்னார், தப்பு என்று தெரிந்ததும் திருப்பி எடுத்துக்கொண்டார். கர்தினாலுக்கு அது சின்ன விஷயமில்லை. நம்ம ஃபேஸ்புக் காலத்துக்கு அது ரொம்பப் பெரிய விஷயம்.

பைபிளைத் திறந்தால் இந்த வழக்கு அங்கே ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது, அதுவும் இரண்டு முறை, இரண்டு விதமாக. புனித பவுல், அப்பத்தா வாயில் சின்னப்பர், ரோமாபுரிக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய கடிதத்தின் 14ஆம் அதிகாரத்தில் சாப்பாட்டுச் சண்டை ஒன்றைத் தீர்த்துவைக்கப் பார்க்கிறார். ஒருவர் எல்லாம் சாப்பிடுகிறார், இன்னொருவர் காய்கறி மட்டும். ஒருவர் சில நாட்களை விசேஷமாக வைக்கிறார், இன்னொருவருக்கு எல்லா நாளும் ஒன்றுதான். சாப்பிடுகிறவர் சாப்பிடாதவரை இளப்பமாகப் பார்க்க வேண்டாம், சாப்பிடாதவர் சாப்பிடுகிறவரைத் தீர்ப்பிட வேண்டாம் என்கிறார் பவுல். இன்னொருத்தன் வீட்டு வேலையாளைப் பற்றி முடிவு சொல்ல உனக்கென்ன உரிமை, அதை அவன் எசமான் பார்த்துக்கொள்வார் என்பதுதான் அவர் வாதம். மதுரை வழக்குக்கென்றே எழுதினது மாதிரி இருக்கிறதல்லவா? கறி தின்கிற பறங்கியும் மரக்கறி தின்கிற ஐயரும்.

அதே பவுல் கலாத்தியருக்கு எழுதியதில் இன்னொரு காட்சி வருகிறது. அந்தியோக்கியாவில் ராயப்பர், அதாவது பேதுரு, யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில ஆட்கள் வந்ததும் பயந்துபோய் எழுந்து தனியே ஒதுங்கினார். அங்கே பவுல் 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லவில்லை. எல்லார் முன்னாலும், முகத்துக்கு நேராக, நீ செய்வது தப்பு என்றார். அதுவும் பேதுருவை, சபையின் தலைவரை.

இரண்டையும் எழுதியது ஒரே ஆள். எதைச் சாப்பிடுகிறாய் என்பதில் தீர்ப்பிடாதே. யாரோடு சாப்பிட மறுக்கிறாய் என்பதற்கு வந்தால் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. நொபிலியின் சந்தனமும் காவியும் கத்தரிக்காய்க் கூட்டும் ரோமர் 14இல் அடங்கும். ஃபெர்னாண்டஸோடும் பரதவரோடும் ஒரே கூரையின் கீழ் நிற்க முடியாமல் போனது? அது அந்தியோக்கியா.

இதை எழுதும்போது ஃபெர்னாண்டஸைச் சாதி ஒழிப்புப் போராளியாக்கிவிடும் ஆசை எனக்கு வருகிறது. அது அடுத்த தப்பு. அவர் கடிதங்களில் இருப்பது பெரும்பாலும் போர்ச்சுகீசியருக்கு நேர்ந்த அவமானம், வேதம் கெட்டுப்போகிறதே என்ற பயம், ஒரு முதியவரின் தனிமை. பரதவர்களும் வேறு சாதிகளை விலக்கிவைக்காத மக்கள் இல்லை. ஆனாலும் இரண்டு கோயில் ஆகிவிட்டது என்று அவர் காட்டிய விரல் தப்பான இடத்தைக் காட்டவில்லை.

போப் ஐந்தாம் பவுல் விசாரிக்கச் சொன்னதன் பேரில் 1619 பிப்ரவரியில் கோவாவில் கூட்டம் கூடியது. கோவா பேராயர் நொபிலிக்குக் கடும் எதிரி. கொடுங்கல்லூர் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் ஆதரவு. பெரும்பான்மை எதிராகத்தான் போனது. ஆனால் வேடிக்கை, எல்லாரும் நடுங்குகிற சமய விசாரணை மன்றத்தின் இரண்டாம் நீதிபதி அல்மெய்டா நொபிலி பக்கம் நின்று எழுதினார். காகிதங்கள் ரோமுக்குப் போயின. அயர்லாந்தின் ஆர்மா பேராயர் பீட்டர் லொம்பார்ட் உட்கார்ந்து படித்து நொபிலிக்குச் சாதகமாக அறிக்கை தந்தார். 1623 ஜனவரி 31இல் போப் பதினைந்தாம் கிரகோரி உத்தரவு வெளியிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் எல்லாம் நிபந்தனைகளோடு அனுமதி.

இந்த உத்தரவை வெற்றி என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, அது கடைசித் தீர்ப்பு இல்லை. ரோம் வேறு முடிவு எடுக்கும்வரை என்று ஒரு வாசகம் வைத்துத்தான் அனுமதித்தார்கள். பூணூல் போட்டவன் மனசில் அது குலத்துக்கா, சாமிக்கா என்று வெளியே இருந்து யார் சொல்ல முடியும்? அந்த நோக்கம் சரியாக இருக்கும் பட்சத்தில் என்று நிபந்தனை போட்டு, அதற்கு மேல் தோண்டாமல் விட்டார்கள். மத்தேயுவில் கோதுமையும் களையும் உவமை ஒன்று வருமே, வேலைக்காரர்கள் களையைப் பிடுங்கிவிடட்டுமா என்று கேட்க, வேண்டாம், கூடவே கோதுமையையும் பிடுங்கிவிடுவீர்கள், அறுப்புவரை இரண்டும் வளரட்டும் என்று எசமான் சொல்வார். நம்மூர் வயலில் களை எடுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நாற்றுக்குள் நெல்லைப் போலவே ஒரு புல் நிற்கும். கதிர் வரும்வரை பழகின கண்ணே ஏமாறும். (சோழவந்தான் பக்கத்துச் சம்சாரிகள் யாரும் அறுப்புவரை களையை விட்டுவைக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். அப்பத்தாவிடம் இந்த உவமையைப் பற்றிக் கேட்டபோது "அந்த எசமானுக்கு விவசாயம் தெரியாது போல" என்றார்.)

இரண்டாவது விஷயம் உத்தரவின் கடைசிப் பக்கம். குலப்பெருமை உள்ளவர்கள் எளியவர்களை இழிவாக நடத்த வேண்டாம், அதுவும் கோயிலில் வேதம் கேட்கும் இடத்திலும் அருட்சாதனங்கள் பெறும் இடத்திலும் அது கூடவே கூடாது என்று மன்றாடிக் கேட்கிற தொனியில் இருக்கிறது. கவனியுங்கள், பூணூலுக்கு வந்தது நிபந்தனையோடு சட்டம். தீண்டாமைக்கு வந்தது வேண்டுகோள். சட்டம் நிறைவேறியது. வேண்டுகோள் என்ன ஆனது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

மேற்கொண்டு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1640இல் பல்தசார் தா கோஸ்டா பண்டாரசாமியாக வேடம் பூண்டார். பிராமணத் துறவி போக முடியாத இடங்களுக்குப் பண்டாரசாமிகள் போனார்கள். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வழி திறந்தது, ஆனால் சாதிக்கு ஒரு சாமியார் என்ற ஏற்பாடும் உறுதிப்பட்டது. 1704இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் துர்னோன், சாகக் கிடக்கும் தாழ்த்தப்பட்டவர் வீட்டுக்குள் போய் அவஸ்தை பூசுவதைக் குருக்கள் மறுக்கக்கூடாது என்று உத்தரவிட வேண்டியிருந்தது. அப்படியானால் அதுவரை மறுத்திருக்கிறார்கள். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் மறுபடி உத்தரவு, குருக்களிடம் சத்தியப் பிரமாணம். அந்தப் பிரமாணம் 1940வரை நீடித்தது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் நடுவே தடுப்பு. இரண்டு கால் வைத்த கால்சட்டை மாதிரி கோயிலின் அமைப்பே இரண்டாகப் பிரிந்திருக்கும். 1910இல் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டது. விட்டுவிட்டார்களா? தடுப்பு எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள்.

இதையெல்லாம் நொபிலி கணக்கில் எழுதலாமா? கல்லூரிக்காலத்து நான் நொபிலியை மேடையில் ஏற்றினேன். முப்பது வயது நான் அவரை இறக்கி, சாதியைக் கோயிலுக்குள் விட்ட குற்றவாளி என்று கொஞ்ச நாள் நண்பர்களிடம் பேசித்திரிந்தேன். அதே நாட்டாமைதான், துண்டை மட்டும் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன். சாதி அவருக்கு முன்னாலேயே இங்கே இருந்தது, அவர் இல்லாத இடங்களிலும் கிறிஸ்தவத்துக்குள் நுழைந்தது. அவர் நம்பியது, மனிதர்கள் தங்கள் வழக்கங்களை விடாமலே கிறிஸ்துவிடம் வரலாம் என்று. அந்த வழக்கங்களில் எது சந்தனம், எது சுவர் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தக் காரியம் தப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வரும்போது வாய் தடுக்குகிறது. 1640இல் மதுரையில் சிறையில் கிடந்தார். கண் பார்வை மங்கிய நிலையில், தான் நாற்பது வருசம் கட்டிய இடத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். பிறகு மயிலாப்பூர். 1656 ஜனவரி 16இல் அங்கே இறந்தார். கடைசிவரை அதே ஒருவேளை மரக்கறிச் சாப்பாடு. வேடம் என்று நான் மேலே எழுதினேன். ஐம்பது வருசம் போட்டுக்கொண்டே இருக்கிற ஒன்றை வேடம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை.

ஃபெர்னாண்டஸுக்கு வருவோம். 1616இல் அவர் ஒரு காரியம் செய்தார். நொபிலியின் வாதத்தை உடைக்க வேண்டும், பூணூலும் குடுமியும் சமயச் சடங்கோடு பிரிக்க முடியாதவை என்று நிரூபிக்க வேண்டும். அதற்காக, கிறிஸ்தவரான ஒரு பிராமணரின் உதவியோடு, பிராமணர்களின் சடங்குகளைப் பிறப்பிலிருந்து இறப்புவரை போர்ச்சுகீசிய மொழியில் எழுதிவைத்தார். உபநயனம், கல்யாணம், கருமாதி, தினசரி அனுஷ்டானம் எல்லாம். நோக்கம் குற்றப்பத்திரிகை. ஆனால் குற்றம் சாட்டுவதற்காக அவர் உட்கார்ந்து கேட்கவேண்டியிருந்தது. படிக்காதவர் என்று பெயரெடுத்த அந்தச் சிப்பாய், பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மதுரையில் ஒரு வீட்டுக்குள் கல்யாணம் எப்படி நடந்தது, சாவு எப்படி நடந்தது என்று விவரம் விவரமாக எழுதியிருக்கிறார். ஜோசப் விக்கி என்ற சேசு சபை வரலாற்றாய்வாளர் அதை 1973இல் லிஸ்பனில் அச்சில் கொண்டுவந்தார். எழுதி 357 வருசம் கழித்து. இன்றைக்கு அந்தக் காலத்துச் சடங்குகளை ஆராய்பவர்களுக்கு அது பொக்கிஷம். நொபிலியை வீழ்த்த எழுதியது யாரையும் வீழ்த்தவில்லை. "குறுகிய மனத்துக் கிழவர்" என்று நான் மேடையில் சொன்னபோது அவர் இப்படி ஒன்றை எழுதினார் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் தீர்ப்புச் சொன்னேன். தெரிந்திருந்தால் கைத்தட்டல் குறைந்திருக்கும்.

இப்போது அந்தக் கோபம்.

எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர் இருக்கிறது. இடுப்பளவுச் சுவர். சுண்ணாம்பு போய், செங்கல் தெரியும். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். ஒரே கோயில், ஒரே பங்கு, ஒரே பாட்டுக்குழு. செத்தால் மட்டும் வேறு வேறு. பதினாறு வயசில் அப்பத்தாவிடம் கேட்டேன், "ஏன் அப்பத்தா, பரலோகத்துலயும் செவுரு இருக்குமா?" அப்பத்தா வெத்தலை இடிப்பதை நிறுத்தவில்லை. "அது அந்தக் காலத்துல இருந்தே அப்படித்தான்டா. ஆண்டவரு பாத்துக்குவாரு."

அதே வரி. ஓடிப்போன பிள்ளைகளைக் காப்பாற்றிய வரி, அடக்கப் பூசை மறுக்கப்பட இருந்த ஆளுக்கு மரியாதை வாங்கிக்கொடுத்த வரி, சுவருக்குக் காவலாக நிற்கிறது. ஆண்டவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்று ஆளைப் பற்றிச் சொன்னால் எனக்குப் புரிகிறது. சுவரைப் பற்றிச் சொன்னால்? அந்தச் சுவருக்கு நோக்கம், மனச்சாட்சி என்று ஒன்றும் கிடையாது, வெளியிலிருந்து பார்க்க முடியாத எதுவும் அதில் இல்லை. அப்பத்தாவைத் தீர்ப்பிட எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் பிறந்து, கேள்வி கேட்டதோடு நிறுத்திக்கொண்ட என்னைப் பற்றியும் அவர் எதுவும் சொன்னதில்லை.

அப்பத்தா போய் ஆறு வருசம் ஆகிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் போனேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாமந்தியும் மெழுகுவர்த்தியும் வாசலில் ஒரே கடையில்தான் எல்லாரும் வாங்கினோம். அப்பத்தா கல்லறை சுவரை ஒட்டினாற்போல. எனக்கு நேர் எதிரே, சுவருக்கு அந்தப் பக்கம், என் வயசு ஆள் ஒருவர் மெழுகுவர்த்தியைப் பற்றவைக்கப் போராடிக்கொண்டிருந்தார். காற்று. என்னுடையதும் அணைந்தது. அவர் தீப்பெட்டியைச் சுவர்மேல் வைத்தார். எடுத்துப் பற்றவைத்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்தேன். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். முதலில் எங்கள் பக்கம் வந்தார்.